மார்கழியில் புகைக்கறி
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வடகிழக்கிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். நாகாலாந்துக்காரரிடம் ஊர்ச் சாப்பாடு கேட்டால், புகையில் வாட்டிய பன்றிக்கறியைச் சொல்லக்கூடும். அங்கே அடுப்புக்கு மேலே கறியை நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். சூடு ஈரத்தை இழுக்கும். விறகுப் புகையில் உள்ள ஃபீனால், ஃபார்மால்டிஹைடு கிருமிகளை அடக்கும். மலைக்குளிரும் கைகொடுக்கும்.

நம் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. இரவிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மொட்டைமாடியில் இளம்புகை மட்டும் காட்டினால் வயிறு தாங்காது, கறி உள்ளே வேகும்வரை சூடு வேண்டும். இல்லையா, கோடை வரட்டும். உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் உப்புக்கண்டம் போடலாம். காக்காய் விரட்டத்தான் ஆள் வேண்டும்!