‘வெண்பா’: ஒரு வீடியோ கேமுக்கு ஐந்தொகை

(நம் குடியிருப்பு மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்கில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். இது சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்லங்க. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை 2024-இல் பெற்றது.

கதை 1988-இல் தொடங்குகிறது. கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதிக்குக் கவின் என்று ஒரு மகன். ஆடுபவரின் வேலை சமையல். வெண்பாவின் அம்மா கொடுத்த குறிப்பு நோட்டு கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. விடுபட்ட இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்பதுதான் முதல் புதிர். தப்பானால் மறுபடி செய்யலாம். தோல்வி என்பதே இல்லை.

ஆடி முடித்ததும் கண் கலங்கும். அதற்காக உடனே முழு மார்க் போட்டுவிடக் கூடாது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நமக்கு, இந்தக் கதையை யார் சொன்னாலும் கண்ணீர் வரும். அதில் நம் பங்கு எவ்வளவு, விளையாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் பற்று. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்டுகள் தாவித் தாவிப் போவதால் பாவலனின் கஷ்டம் மனதில் நிற்பதற்குள் அடுத்த கட்டம் வந்துவிடுகிறது. சமைத்துப் பழகியவர்களுக்குப் புதிர்கள் மிகச் சுலபம்.

வரவு ஒன்றுதான், ஆனால் பெரியது. வளர்ந்த கவின் அதே நோட்டை வைத்துச் சமைக்கப் பார்க்கிறான். அம்மாவுக்குத் தடையாக இருந்தது அழிந்த மை. மகனுக்குத் தடை, தமிழ் சரளமாக வாசிக்க வராதது. அந்தத் திணறலை நாம் பார்ப்பதில்லை, நம் கையாலேயே படுகிறோம். சினிமாவோ நாவலோ இதை வேறு விதமாகத்தான் சொல்ல முடியும். இங்கே வரும் கண்ணீர் விளையாட்டு சம்பாதித்தது. என் கணக்கில் வரவுதான் அதிகம். முடிவைச் சொல்ல மாட்டேன்; ஆடிப் பாருங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அரிசிம்பருப்புக்கும் சந்தகைக்கும் நம் வீட்டில் அளவு எங்கே இருக்கிறது? கைப்பிடியிலும் கண் பார்வையிலும்தான். கேட்டால் “பார்த்துப் போட்டுக்கோ கண்ணு” என்போம். பார்க்கப் பக்கத்தில் பிள்ளை இருந்தவரை அது சரி. இன்று கேள்வி வாட்ஸ்அப்பில் வருகிறது. இன்னும் பத்து வருடம் கழித்து, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருப்போம்?

எனவே இரண்டு கோரிக்கை. விடுமுறைக்குப் பேரன் பேத்தி வந்தால் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து இதை ஆடுங்கள். பட்டனை அவர்கள் அழுத்தட்டும், பக்குவத்தை நீங்கள் சொல்லுங்கள். மறுநாள் ஒரு நோட்டில் உங்கள் வீட்டுப் பண்டம் ஒன்றை அளவோடு தமிழில் எழுதி, அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறுகிறதோ, அங்கிருந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கலாம்.