பல் மருத்துவக் கல்வியும் பயிற்றுமொழியும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் சிங்கம்புணரியில் ஆற்றிய உரை)



பல் மருத்துவத்தைப் பற்றிப் பேசப் பள்ளித் தலைமையாசிரியருக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவக் கல்லூரிகளில் இடம் தரப்பட்ட காலத்தில், நம் ஊரில் கயிறு திரிக்கும் தொழிலாளி ஒருவரின் மகனுக்குப் பல் மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளை. வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் என்று படம் வரைந்து பாகம் குறிப்பதில் அவனை விஞ்ச நம் பள்ளியில் ஆள் இல்லை. கல்லூரியின் முதலாண்டு வாய்மொழித் தேர்வில் அதே பல்லைக் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் வினவினர். விடை தெரிந்தும் வாக்கியம் அமையாமல் நின்றான். "பாடம் தெரிகிறது ஐயா, பேச வரவில்லை" என்று நமக்குக் கடிதம் எழுதினான். நாம் என்ன செய்தோம்? "திரும்பி வந்துவிடு, வேறு படிப்பில் சேர்ந்துகொள்ளலாம்" என்று மறுமொழி எழுதினோம். வந்துவிட்டான். அக்கடிதத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறோம்.

அதன்பின்னரே இதைப் பற்றித் தேடிப் படித்தோம். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. அங்கே ஆங்கிலத்தில் கற்பித்தனர். அது அவர்கள் வீட்டு மொழி. தோக்கியோவில் 1890-இல் தக்காயாமா என்பவர் நிறுவிய பள்ளி இன்று பெரிய பல் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே ஜப்பானிய மொழியே பயிற்றுமொழி. ஜெர்மானியர் ஜெர்மன் மொழியில் படிக்கின்றனர். டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் மருத்துவம் அரபு மொழியில் நடக்கிறது. பல் மருத்துவமும் அவ்வாறே. நம் நாட்டிலோ 1920-இல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரியும், 1953-இல் சென்னையில் மருத்துவக் கல்லூரியின் கிளையாகப் பிறந்த பல் மருத்துவப் பிரிவும் ஆங்கிலத்தையே கைக்கொண்டன. ஐதராபாத்திலோ, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில், 1948 வரை மருத்துவத்தை உருதுவில் போதித்தனர்.

தமிழில் முடியாது என்பாருக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயைக் காட்டலாம். அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் அங்கு வந்து, அடுத்த ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அவ்வாறு படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமத்து நோயாளி நின்ற இடத்திலேயே நின்றார். அதைக் கண்டே 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று பெரிய நூல்களைத் தமிழாக்கினார். வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். நல்ல சொல் அமையும்வரை பாடம் காத்திருக்கட்டும் என்று அவர் எண்ணவில்லை. தமிழகத்துப் புலவர்கள் சிலர் இன்றும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பது நம் எண்ணம். ஊர் திரும்பிய பின்னரும் 1884-இல் இறக்கும்வரை அவர் இப்பணியை விடவில்லை.

ஆயினும் நம் மக்கள் ஒன்றை மறத்தலாகாது. அதே யாழ்ப்பாணத்தில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்த்தப்பட வேண்டும் என்ற ஆணை 1929-இல்தான் வந்தது. மொழி நம்முடையதாக இருந்தும் பலகை நம்முடையதாக இல்லை. பம்பாய்ப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். பின்னர் ஆங்கிலத்தின் வழியேதான் கொலம்பியாவும் லண்டனும் சென்றார். ஆகவே, தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நம்மைத் தமிழிலேயே நில்லுங்கள் என்பார் சொல்லை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

இன்றைய நிலை விந்தையானது. நீட் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. 2018-இல் அத்தமிழ்த் தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு நடந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தருமாறு மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதைக் கடந்து உள்ளே சென்றாலோ முதல் மணி தொட்டு ஆங்கிலம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. அண்டையிலுள்ள புதுக்கோட்டையிலேயே 2023-இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் பிள்ளைகள் இனிச் செல்வார்கள். முதலாண்டில் உடற்கூறும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் பல்லின் அமைப்பும் படிக்கவேண்டும். அந்த ஓராண்டில்தான் அவர்கள் மனமுடைகின்றனர்.

போபாலில் 2022-இல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு நூல்களை இந்தியில் வெளியிட்டனர். நமக்கும் அத்தகைய நூல்கள் தமிழில் வேண்டும்; சங்கம் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பட்டும். அது வரும்வரை நாம் சும்மா இருக்க இயலாது. இடம் கிடைத்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடையே உள்ள வாரங்களில், நம் சங்கக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்தலாம். தமிழில் அறிந்த பொருளை ஆங்கில வாக்கியத்தில் சொல்லப் பழக்குவதே அவ்வகுப்பின் வேலை. பல்லை ஒருவர் கையில் எடுத்துக் கேட்க, மற்றவர் எழுந்து நின்று விடை சொல்லவேண்டும்.

அதற்கென இருமொழிச் சொற்பட்டியல் ஒன்று தயாராகி வருகிறது. திரும்பி வந்த அந்த மாணவர் இன்று ஒரு மருந்துக்கடையில் பணியாற்றுகிறார். பட்டியலின் முதல் நாற்பது பக்கங்கள் அவர் கையெழுத்தில் உள்ளன. எஞ்சியதை எழுத அறிவியல் படித்த இளைஞர் நால்வர் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.