உதவிப் பணம் போதாது; உதவிக்கு ஆள் வேண்டும்



நம் யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்புத் தோட்டத்துக்கும் பங்குக் கிணற்றில் இறைப்பு முறை உண்டு. அதை உறுதியில் எழுதுகிறோம். மறுத்தவர்மீது வழக்குத் தொடுக்கிறோம். கிணற்று வழக்குகளால் நியாயவாதிகள் பலர் பிழைத்ததை மறைப்பானேன்!

அதே தோட்டக்காரர் வீட்டிலே கழுத்து நிற்காத பத்து வயதுப் பிள்ளை பாயிற் கிடக்கிறது. நிமிர்த்தி வைத்து ஊட்டாவிடிற் சோறு மூச்சுக் குழலிற் புகும். புரட்டிக் கிடத்தாவிடின் முதுகு புண்ணாகும். வலிப்பு வந்தால் அருகில் ஆள் வேண்டும். அந்த ஆள் தாய் ஒருத்தியே. அவள் காய்ச்சலாய்க் கிடந்தால் என் செய்வது? அவள் காலத்துக்குப் பின்?

“பெற்றவள் பார்க்கத்தானே வேண்டும்” என்பர் சிலர். பார்க்கிறாள், ஐயா! இரவு பகலாகப் பார்க்கிறாள். அவளுக்குத் துணை எங்கே என்பதே நம் கேள்வி.

கொண்டாவிலில் 2004 முதல் சிவபூமிப் பாடசாலை அரும்பணி ஆற்றுகிறது. ஆனால் பாடசாலைக்குத் தூக்கிச் செல்லவே இயலாத பிள்ளையின் வீட்டுக்குப் போவார் யார்?

சட்டத்தைப் பார்ப்போம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வி நிலைய அனுமதியிலும் பாரபட்சத்தைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களுள் செல்லும் வழியைக் காக்கிறது. வீட்டில் உதவியாளரைக் கேட்கும் உரிமையை அது தரவில்லை. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரை தனியாள் உதவியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆனால் இந்நாட்டுச் சட்டமாக இயற்றப்படாத உடன்படிக்கை இங்கே உரிமை தராது என்பது 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் காட்டிய நிலைப்பாடு. கையொப்பம் உலகுக்கு, வெறுங்கை நமக்கு!

சுவீடனில் 1994 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, கடும் இயலாமையுடைய பிள்ளைகளும் உதவியாளரைப் பெற உரித்துடையர். மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். அது செல்வ நாடு என்பீர்கள். கேரளம் செல்வ நாடா? அங்கே ‘ஆசுவாசகிரணம்’ திட்டம் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை அற்பமே, எனினும் அவ்வுழைப்பை ஓர் அரசு கணக்கில் எடுத்தது.

இங்கே 2025 இல் இயலாமையுடையோர் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தினர். நல்லது. அதில் எத்தனை நாட்கூலி அடங்கும் என்பதைத் தோட்டக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இயலாதோர் நலன் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தப்படி மாகாணங்களுக்குரிய விடயம். ஆகவே வட மாகாணத்துக்கென ஒரு நியதிச் சட்டம் கேட்கிறோம். ஊர்ப் பெண்களைப் பயிற்றி, பொதுப் பணத்திற் சம்பளம் கொடுத்து, பிரதேச செயலகந்தோறும் அமர்த்துக. எவர் தம் வீட்டுக்குள் வருவது என்பதைக் குடும்பமே தெரிவு செய்யட்டும். வரைவை நாமே எழுதுகிறோம். உங்கள் வட்டாரத்தில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.