முதலில் வந்த வண்டி



எனக்குக் கொடுத்த தலைப்பு 'அரசின் உள்கட்டமைப்புச் செலவும் மக்கள் வாழ்வும்'. அழைப்பிதழில் அதற்குக் கீழே 'பொருளாதாரப் பார்வை' என்றும் போட்டிருக்கிறார்கள். பயந்துவிட வேண்டாம். பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டி வாசிக்கப் போவதில்லை. ஒரு மண்பானையிலிருந்து தொடங்குகிறேன்.

விருதுநகர்ப் பழைய வீடுகளின் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பானை இருக்குமாம். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவார்கள். வாரம் ஒருமுறை ஆள் வந்து அள்ளிக்கொண்டு போவார். அந்தப் பிடி அரிசியை விற்ற காசும், வணிகர்கள் தங்கள் சரக்குக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மகமையும் சேர்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஊரில் சத்திரிய வித்தியாசாலையை எழுப்பின. மாணவரிடம் சம்பளம் வாங்காத பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான்.

பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் இதைப் பெருமைக்கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது. மகமை ஒரு வரி. பிடி அரிசியும் ஒரு வரிதான். அதை வசூலித்தவர் தாசில்தார் அல்லர், அவ்வளவே. கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போய்வந்ததால், கொடுத்த அரிசி எங்கே போனது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சமூகம் தன் உழைப்பால் தன்னை உயர்த்திக்கொள்ளக் கட்டிய ஏற்பாடு. மகமை வைக்கச் சரக்கில்லாத கூலிக்காரருக்கு, ஊருக்கு வெளியே குடியிருந்தவருக்கு, அதைப்போல ஒன்றைக் கட்டிக்கொள்ள வழியில்லை. அந்த இடத்தில்தான் அரசு வேண்டியிருக்கிறது.

காமராசர் 1954-இல் முதலமைச்சரானார். 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. நம் கரிசல்காட்டுப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தை அதன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள் ஏற்க, மறு பங்கை அரசு ஏற்றது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். எனக்கு அதில் தெரிவது பிடி அரிசிப் பானைதான். ஒரு சமூகத்தின் பானையை மாநிலத்துப் பானையாக்கினார்கள். அந்தச் சோறு தர்மம் இல்லை, பள்ளிக்கட்டடத்தைப் போல ஓர் உள்கட்டமைப்பு என்பது என் கருத்து. கட்டடம் எழுப்பிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டால் வராது, வயிறு அனுப்பாது.

ஆனால் அந்தத் திட்டம் வந்த பிறகும் நான் வளர்ந்த ஊரில் வகுப்பு நிறையவில்லை. ஏன் என்பதற்குச் சிவகாசி போக வேண்டும்.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கியது. மழை குறைந்த வறண்ட ஊர். குச்சி காயவும் மருந்து காயவும் வெயில் உதவியது என்பார்கள். வெயில் மட்டும் போதாது. அதே காலத்தில் சுவீடன் நாட்டு முதலோடு விம்கோ என்ற பெரிய நிறுவனம் இயந்திரத்தில் தீப்பெட்டி செய்தது. கையால் செய்கிறவன் அதன் எதிரே எப்படி நின்றான்? தீப்பெட்டிக்கு 1934-இல் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பிறகு சிறு ஆலைக்கும் கைத்தொழிலுக்கும் குறைந்த வரி, இயந்திர ஆலைக்குக் கூடுதல் வரி என்று வகுத்தார்கள். அந்த வித்தியாசத்தின் நிழலில் வளர்ந்த ஊர் சிவகாசி. பாலமோ அணையோ கட்டாமல், வரி அட்டவணையில் ஒரு வரியை மாற்றி எழுதியே அரசு ஒரு தொழில் நகரை நிலைநிறுத்தியது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பாராட்டியதாகச் சொல்லிக்கொள்கிறோம். பாராட்டில் பாதி வரி அட்டவணைக்குப் போக வேண்டும்.

வரிச்சலுகை வந்த வேகத்தில் மற்றவை வரவில்லை. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊருக்கு முதன்முதலில் தவறாமல் வந்த வண்டி அரசுப் பேருந்து இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. ஆலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலைக்குப் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடியுமுன் ஹாரன் கேட்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் ஓடுவார்கள். என் வகுப்பில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருத்தி நாலாம் வகுப்போடு அந்த வண்டியில் ஏறினாள். தீக்குச்சி அடுக்கப் போனாள். பள்ளிக்கூடம் இரண்டு மைல்; நடக்க வேண்டும். ஆபீஸ் வண்டி வாசலுக்கு வந்தது. இன்று 'போக்குவரத்து இணைப்பு' என்று கருத்தரங்குகளில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாரன் சத்தம்தான் காதில் விழும்.

இந்தத் தலைப்பில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அரசு எவ்வளவு செலவழித்தது என்று எல்லாரும் கணக்குப் பார்க்கிறோம். எப்போது வந்தது என்று பார்ப்பதில்லை. முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்களைவிடப் பொருளாதார மாணவர்கள் படிக்க வேண்டும். வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். குழந்தையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். குழந்தையை வண்டியிலிருந்து இறக்கினால் அந்த வீட்டு உலைக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து யோசித்த தீர்ப்பு அது. சிறப்புப் பள்ளிகள் வந்தன, பேருந்துகள் கூடின, சத்துணவு முன்பே விரிந்திருந்தது. இன்று அந்த விடியற்கால வண்டியில் குழந்தைகளைப் பார்ப்பது அரிது. அது சாதாரணக் காரியமல்ல. சட்டம், சோறு, பள்ளி, பேருந்து ஆகிய நான்கும் ஒன்றாகக் கூடியபோதுதான் நடந்தது. சட்டம் தனியாக நின்ற ஆண்டுகளில் நடக்கவில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளரே அல்லர். சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சன்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். இந்த இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் நடந்தவற்றை நான் அடுக்கப் போவதில்லை. இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். அச்சன்குளத்துக்கு மாநில அரசு குடும்பத்துக்கு 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 20 லட்சம் என்றது. சத்தத்துக்குப் பின்னால் பணம் வந்துவிடுகிறது. ஆளாளுக்குத் தொகை மாறுகிறது, வருகிற நேரம் மாறுவதில்லை.

சத்தத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது? ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு வெடிமருந்துதான் என்று விதி இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். உள்ளே அறை அறையாக உள்குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரர் போட்ட காசை எடுக்க வேண்டும். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள், மிச்சம் மரத்தடிக்குப் போகும். பீஸ் ரேட் என்பதால் தொழிலாளியும் அவசரப்படுவார். மருந்து காயும் மேடையில் வெயில் ஏறும். கலந்த மருந்து மறுநாளைக்கு மிஞ்சும். ஓர் உராய்வு போதும். இவற்றில் எதுவும் மர்மமில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு இதையேதான் எழுதுகிறார்கள்.

ஆகவே ஆய்வாளரும் ஓர் உள்கட்டமைப்பு என்று சொல்கிறேன். அவருக்கு ஒரு ஜீப், அளக்கும் கருவி, மேலிடத்தின் ஆதரவு, இவையெல்லாம் பாலத்தைப் போன்ற செலவுகள்தான். பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. வெடிக்காமல் போன ஓர் அறைக்கு யார் ரிப்பன் வெட்டுவது? நடக்காமல் போன விபத்தைப் படம் பிடித்துச் சுவரொட்டியில் போட முடியாது. அந்தச் செலவு எப்போதும் கடைசி வரிசையில் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. இருந்தும் காயம் பெரிதானால் மதுரைக்குத்தான். ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை வந்தபின் நேரம் குறைந்தது உண்மை. அந்த அளவுக்கு அந்தச் சாலை உயிர் காத்தது. 2022 ஜனவரி 12-இல் 150 இடங்களோடு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டம் பிறந்தது 1985 மார்ச்சில். நடுவில் கிட்டத்தட்ட 37 ஆண்டு. எத்தனை ஆம்புலன்ஸ்கள் வடக்கே போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. ஆனால் ஜிஎஸ்டி நுகரும் இடத்துக்குப் போகும் வரி. லக்னோவில் வெடிக்கிற வெடியின் மாநிலப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்குச் சேரும். முன்பு மத்திய விற்பனை வரி என்ற பெயரில் ஒரு சிறு பங்காவது உற்பத்தி செய்த மாநிலத்தில் தங்கியது. அந்த முறையும் குறையற்றதல்ல. ஏழை மாநிலத்துக்காரன் பணக்கார மாநிலத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்தான். ஆகவே ஜிஎஸ்டியின் கொள்கையை நான் குறை சொல்லவில்லை. வெளிச்சம் அங்கே, வரி அங்கே, தீக்காயம் மட்டும் இங்கே என்று ஆகிவிட்டதைச் சொல்கிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு 2015 சட்டத் திருத்தத்தால் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. சுரங்கக்காரர் கட்டும் ராயல்டியோடு அதில் 10 அல்லது 30 விழுக்காட்டுக்கு இணையான தொகையை, பாதிக்கப்படும் ஊர்களுக்காக அந்த மாவட்டத்திலேயே வைக்கிறார்கள். பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றியவர்களுக்கு 1976 சட்டத்தின்படி பீடி மீது ஒரு சிறு தீர்வை இருந்தது. முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனை அந்த வழியில் வந்ததுதான். ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையும் போயிற்று. பட்டாசுக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை. விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காக 5 கோடி ரூபாயில் நிதி தொடங்குவதாக 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அதுவும் பின்னால் வருகிற வண்டி. பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இங்கேயே வைத்தால், அதிலிருந்து ஆய்வாளருக்கும், காயவைக்கும் மேடைக்கும், தீக்காயப் பிரிவுக்கும் முன்கூட்டியே கொடுக்கலாம். பழைய பெயர் வேண்டுமென்றால், மகமை.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. பட்டாசுப் புகையில்லாமல் மூச்சுவிட டெல்லிக் குழந்தைக்கு உரிமை உண்டு. அதை மறுத்து நான் பேச மாட்டேன். சரவெடி பின்னிப் பழகிய கைகளுக்கு மறுநாள் என்ன வேலை என்பதை அந்தத் தீர்ப்போடு சேர்த்து யாரும் எழுதவில்லை. 1996-இல் எழுதினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மாற்று வேலை வருகிறது என்கிறார்கள். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, துணி வெடிக்காது. சென்ற மாதம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏக்கர், கோடி, ஏற்றுமதி என்று நான் சொன்னதையெல்லாம் பயர் ஆபீசிலிருந்து திரும்பியிருந்த ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டார். விரல்களில் வெள்ளி நிறம் போகவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் சார், அந்தப் பார்க்கு வந்தா பஸ்சு எங்க ஊருக்குள்ள வருமா, இல்ல மெயின் ரோட்டுலேயே நின்னுட்டுப் போயிருமா? பயர் ஆபீசு வண்டி வாசலுக்கே வருதுல்ல, அதான் கேட்டேன்."