பட்டம் இல்லாம கம்ப்யூட்டர் வேலை கிடைக்குமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் நமது ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நாம் சேமிப்பு, கடன் திருப்பம், தணிக்கை பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. சமீப காலமாக எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் வருது. "மேடம், எம்பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. காலேஜ் போகாமலே கம்ப்யூட்டர் வேலை கிடைக்கும்னு சொல்றாங்களே, நெசமா?" இன்னொரு அக்கா அதுக்கு நேர் எதிரா கேட்கிறாங்க. "கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்க வச்சோம், பையன் வீட்டுல சும்மா இருக்கான். அப்புறம் பட்டம் எதுக்கு?"

ரெண்டு கேள்வியும் நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றை உங்கள் முன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் படித்த பாடம்

நம் குழு உறுப்பினர் ஒருவர், ஆடு வளர்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். அவர் மகள் பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். டவுனில் ஒரு பயிற்சி மையம், "ஆறு மாசப் பயிற்சி, பட்டம் தேவையில்லை, வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் கொடுத்திருந்தது. கட்டணம் 40,000 ரூபாய். அந்த அக்கா குழுவில் கடன் கேட்டாங்க. 'நோக்கம்: கல்வி' என்று விண்ணப்பத்தில் எழுதி, சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். ஆடு வாங்கக் கடன் கேட்டால் ஆட்டைப் போய்ப் பார்க்கிற நாம், அந்த மையத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

நாலாவது மாசம் கதவு பூட்டிக் கிடந்தது. ரசீதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான் இருந்தது. போலீசில் மனு கொடுத்தோம், பணம் இன்னும் வரவில்லை. அக்கா மாதம் 2,000 ரூபாய் வீதம் தவணை கட்டிக்கிட்டு இருக்காங்க. பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பொண்ணு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தது. "படிச்சது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்று சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்கு இனிமேல் வாய்க்கு வந்தபடி பதில் சொல்லக் கூடாது என்று, விசாரித்துப் படித்துவிட்டு வந்திருக்கிறோம்.

பட்டம் இல்லாமல் வேலை உண்டா? உண்டு

நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு. ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். தேறியவர்களுக்கு அங்கேயே வேலை. சென்னையில் மட்டுமல்ல, தென்காசி பக்கத்திலும் இந்தப் பயிற்சி நடந்திருக்கிறது. ஹெச்.சி.எல். நிறுவனத்தின் 'டெக்பீ' என்ற திட்டமும் பிளஸ் டூவில் கணக்குப் படித்தவர்களுக்கானது. அதற்குப் பயிற்சிக் கட்டணம் உண்டு. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்க வழி வைத்திருக்கிறார்கள். இதைக் கவனியுங்க. பட்டம் இல்லாமல் வேலைக்கு எடுக்கிற நிறுவனமே, பிறகு பட்டம் படி என்று சொல்கிறது.

ஏன் இந்த வேலைக்குப் பட்டம் இல்லாமல் எடுக்க முடிகிறது? புரோகிராம் எழுதுவது என்றால், ஒரு வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குப் படிப்படியாகச் சொல்வது. குழுப் பேரேடு எழுதுகிற ஊக்குநருக்கு இது உடனே புரியும். ஒரு பதிவு தவறினால் மாசக் கடைசியில் கணக்கு நிற்காது. எங்கே தப்பு என்று பொறுமையாகத் தேடணும். அந்தப் பொறுமையும் கணக்கறிவும் இருக்கா என்பதைச் செய்து காட்டச் சொன்னாலே தெரிந்துவிடும். மருத்துவர் வேலைக்கோ வக்கீல் வேலைக்கோ சட்டப்படி பட்டம் வேண்டும். புரோகிராம் எழுத அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த வாசல் குறுகலானது. இடங்கள் கொஞ்சம், எழுதுகிறவர்கள் நிறைய. கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

பட்டம் எங்கே கை கொடுக்கும்?

பெரிய கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுப்பது கல்லூரி வளாகத்தில்தான். கல்லூரியில் இல்லாத பிள்ளைக்கு அந்த நேர்காணல் நடப்பதே தெரியாது. பல கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. அமெரிக்காவுக்கு ஹெச்-1பி விசாவில் போக, பட்டமோ அதற்கு ஈடான பல வருஷ அனுபவமோ காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வேலை சரிப்பட்டு வராமல் போனால் வங்கித் தேர்வு எழுதலாம், குரூப் 2 எழுதலாம். ரெண்டுக்கும் பட்டம் வேணும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. கல்யாணம், பிரசவம் என்று நாலு வருஷம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, பழகிய வேலை பாதி மறந்திருக்கும், கம்பெனியும் மாறியிருக்கும். பட்டம் மட்டும் பீரோவில் அப்படியே இருக்கும்.

அந்தப் பணக்காரர் கதை

"பில் கேட்ஸ் காலேஜ் முடிக்கலையே" என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான். 1975-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர். ஆனால் அவர் அப்பா வசதியான வக்கீல். தொழில் தோற்றிருந்தால் திரும்பிப் போக வீடும் இருந்தது, படிப்பைத் தொடர வழியும் இருந்தது.

அந்தக் கதையில் யாரும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. சியாட்டில் நகரத்தில் அவர் படித்த பள்ளியில் அம்மாமார்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பழைய சாமான்களைச் சேர்த்து விற்று வந்த பணத்தில், 1968-ல் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழக ஒரு கருவியும், அதைப் பயன்படுத்தும் நேரத்துக்கான காசும் அந்தச் சங்கம் கொடுத்தது. கேட்ஸுக்கு அப்போது 13 வயசு. கல்லூரியை விடுவதற்கு ஏழு வருஷம் முன்பே அவர் கை பழகிவிட்டது. அதற்குக் காரணம் அம்மாமார்கள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு. இது நமக்குப் புரியாத விஷயமா?

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கு

வேலையா, பட்டமா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேராகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கலாம், கட்டணம் குறைவு. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழிப் படிப்பில், பிளஸ் டூ முடித்தவர் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். நடுவில் நின்றாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கு.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. உங்க பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. கேட்டதற்குப் பிறகும் குறைகிற தொகைக்குத்தான் குழுக் கடன்.

வீட்டுக்குள் நடக்கிற கணக்கு

ஒன்று கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். "பட்டம் இல்லாமலே வேலை கிடைக்குமாமே" என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் பெண் பிள்ளையைப் பார்த்துத்தான் வருது. பையனுக்கு நகையை அடகு வச்சுப் பி.இ., பொண்ணுக்கு ஆறு மாசக் கோர்ஸ். இதைத் திறமைக்கு மதிப்பு என்று சொல்ல முடியாது, செலவு மிச்சம் பிடிப்பதுதான். ரெண்டு பிள்ளையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்து முடிவு எடுங்க.

கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. குழுவிலிருந்து ரெண்டு பேர் நேரில் போய்ப் பார்த்தார்களா?
2. அங்கே படித்து வேலையில் இருக்கிற மூன்று பேரிடம் போனில் பேசினோமா?
3. முழு முகவரியோடு ரசீது தருவார்களா? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று எழுதித் தருவார்களா?
4. பயிற்சிக்குக் கட்டணம் கேட்கிறார்களா, வேலைக்கு டெபாசிட் கேட்கிறார்களா? வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.
5. அந்தச் சான்றிதழை வைத்து மேலே படிக்க முடியுமா?
6. இந்த வேலையில் பிள்ளைக்கு ஆசை இருக்கா, நமக்கு ஆசையா?

இந்த ஆறு கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் இனி நாங்களும் கையெழுத்துப் போடுவோம். இது உங்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அந்தப் பொண்ணைப் பற்றிக் கேட்பீங்க. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், "இன்னும் மூணு வருஷம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினாங்க அந்த அக்கா. குழுவே போய்க் கூட நின்றது. இப்போது அவள் அரசுக் கல்லூரியில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமையில் நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகுகிறாள். போன மாசம் ஒரு குழுவின் வட்டிக் கணக்கு போட அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்டினாள். முதல் தடவை தப்பாக வந்தது. பேரேட்டை வச்சுக்கிட்டு ராத்திரி ஏழு மணி வரைக்கும் தேடி, தப்பைக் கண்டுபிடிச்ச பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

பட்டம் இன்னும் வரவில்லை, வேலையும் வரவில்லை. கடனில் ஏழு தவணை பாக்கி. ஆனால் பிள்ளை வழியில் இருக்கிறாள். உங்க குழுவிலும் ஒரு பிள்ளை காத்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பேரை நிகழ்ச்சி நிரலில் எழுதுங்க.