களத்து மேடே!

(தலைப்பு: நம் பிள்ளைகளின் நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் தருவது களத்து மேடா? கம்பெனி கேட்டா? தேன்கனிக்கோட்டையில் நடந்த பட்டிமன்றத்தில் 'களத்து மேடே' அணியின் பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கு நிறைய வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிற எதிரணி அன்பர்களே! (சிரிப்பு) பேட்டராய சுவாமி குடிகொண்டிருக்கிற இந்த ஊர்ப் பெருமக்களே! வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

இந்த ஊர் பேரைப் பாருங்கய்யா. தேன் இருக்கு, கனி இருக்கு, கோட்டையும் இருக்கு. நடுவர் கேட்கலாம், எல்லாம் இருக்கே, சாப்பாடு எங்கேன்னு. கனியிலே ஒரே ஒரு எழுத்தை மாத்துங்க. களி! (கைதட்டல்)

இந்தக் களிக்கு எங்க ஊரிலே மூணு பேரு. தமிழ்க்காரர் வீட்டிலே களி. கன்னடக்காரர் வீட்டிலே முத்தே. தெலுங்குக்காரர் வீட்டிலே சங்கடி. பட்டணத்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார்னா, அவருக்கு மட்டும் அது சங்கடம்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: என்னைச் சொல்லலியே?

இல்லீங்கய்யா. நீங்க மதியம் ரெண்டு உருண்டை சாப்பிட்டதை நானே பார்த்தேன். தீர்ப்பு எப்படி வரும்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. (சிரிப்பு, கைதட்டல்)

விஷயத்துக்கு வர்றேன். எதிரணிச் சகோதரி நல்லாப் பேசினாங்க. "மாசம் பொறந்தா சம்பளம் வரும்; ஆடி பொறந்தா மழை வருமா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஓசூரிலே சிப்காட் வந்தப்புறம் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ தலையெடுத்திருக்கு. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம்னு இங்கே செய்த பொருள் ஊரெல்லாம் ஓடுது. இன்னைக்கு நம்ம பொண்ணுங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கம்பெனி பஸ்ஸிலே ஏறுற அழகைப் பார்த்து நானும் பெருமைப்படறேன். கம்பெனி வேண்டாம்னு சொல்ல நான் வரலே. ஆனா தலைப்பு சம்பளத்தைப் பத்தி இல்லே, சகோதரி. சோற்றைப் பத்தி! சம்பளம் சோறு வாங்கும், சரி. விக்கிறதுக்கு ஆள் இருந்தாத்தானே வாங்க முடியும்?

இதோ பக்கத்திலே தளி. வெள்ளைக்காரன் காலத்திலே அதுக்கு 'குட்டி இங்கிலாந்து'ன்னு பேரு. குட்டி இங்கிலாந்து இருக்கட்டும், பெரிய இங்கிலாந்து கதையைக் கேளுங்க. தொழிற்சாலைக்கே தாய்வீடு அது. "நாங்க இயந்திரம் செய்வோம், துணி நெய்வோம். சோறு கப்பல்லே வரும்"னு இருந்தாங்க. 1939லே உலகப்போர் வந்தப்போ, அவங்க சாப்பாட்டிலே மூணிலே ஒரு பங்குதான் உள்ளூர் விளைச்சல். மிச்சமெல்லாம் கப்பல்! ஜெர்மன்காரன் நீர்மூழ்கியை அனுப்பிக் கப்பலைக் கவிழ்த்தான். 1940 ஜனவரியிலே ரேஷன் வந்தது. பூங்காவையும் புல்வெளியையும் கொத்தி உருளைக்கிழங்கு போட்டாங்க. போர் 1945லே முடிஞ்சது. ரேஷன் எப்ப முடிஞ்சது தெரியுமா? 1954லே! உலகத்தையே ஆண்ட ராஜ்ஜியம், ரொட்டிக்குக் கூப்பனை நீட்டிச்சு. ஜனங்க கையிலே பணம் இருந்தது. வேண்டிய அளவு சாப்பாடு வாங்க முடியலே! (கைதட்டல்)

"அது அந்தக் காலம்"னு எதிரணி சொல்லும். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். 2022லே ரஷ்யாவும் உக்ரைனும் சண்டை போட்டாங்க. எங்க வீட்டு அடுப்பிலே சூரியகாந்தி எண்ணெய் விலை கொதிச்சது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியிலே இந்தோனேசியா பாமாயிலை வெளியே அனுப்ப மாட்டேன்னு சொல்லிடுச்சு. நாம மட்டும் என்ன? மே 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினோம். 2023 ஜூலையிலே பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியையும் நிறுத்தினோம். தப்புன்னு சொல்லலே. பஞ்சம் வரும்போலிருந்தா எந்தத் தாயும் முதல்லே தன் பிள்ளைக்குத்தான் எடுத்து வைப்பா. நம்ம தாய் அப்படின்னா, அடுத்த நாட்டுத் தாயும் அப்படித்தானே? அவ கதவைச் சாத்தற அன்னைக்கு நம்ம சம்பளக் கவரைக் கொதிக்க வச்சா கஞ்சியாகுமா? (பலத்த கைதட்டல்)

இன்னொரு அன்பர் கெட்டிக்காரத்தனமா ராஜாஜியை இழுத்தார். "இதே ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியிலே பிறந்தவர், 1952லே முதலமைச்சரா இருந்து உணவுக் கட்டுப்பாட்டையே எடுத்தார். சந்தை பார்த்துக்கலையா?"ன்னு கேட்டார். பார்த்துக்கிச்சு அன்பரே! கட்டுப்பாடு போனதும் சந்தைக்கு வந்த நெல்லு எது? நம்ம நாட்டு உழவன் விளைச்ச நெல்லு! விளைச்சவன் இருந்ததாலே சந்தை பார்த்துக்கிச்சு. விளைச்சவனே இல்லாட்டி சந்தை வேடிக்கைதான் பார்க்கும். (கைதட்டல்)

1965லே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, "வாரத்திலே ஒருவேளை சாப்பாட்டை விடுங்க"ன்னு நாட்டைக் கேட்டார். அமெரிக்கக் கப்பல் வந்தாத்தான் கோதுமைன்னு இருந்த காலம். அந்த நிலையை மாத்த முன்னால் நின்றவங்க ரெண்டு தமிழர்கள். மந்திரி சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அவங்க எங்கே போனாங்க? கம்பெனி கேட்டுக்கா? வயலுக்குத்தான் போனாங்க!

இப்போ என் சொந்தக் கதை ஒண்ணு. 2020 மார்ச் 25. ஊரடங்கு. ஜூஜூவாடி செக்போஸ்ட் மூடியாச்சு. கம்பெனி கேட் மூடியாச்சு. ஓசூர்ப் பக்கத்து ரோஜாப்பூ, ஏத்த லாரி இல்லாம குப்பைக்குப் போச்சு. மறைக்காம சொல்றேன், ரேஷன் கடை அரிசி கொடுத்தது. ஆனா அந்த அரிசி அரசாங்கக் கிடங்குக்கு எப்படி வந்தது? ஏதோ ஒரு களத்து மேட்டிலே அடிச்சுத் தூத்தி மூட்டை கட்டினதாலே வந்தது.

நான் ஓசூரிலே மாடி வீட்டிலே உட்கார்ந்திருக்கேன். இந்தப் பக்கத்துக் கிராமத்திலேர்ந்து எங்க பெரியம்மா போன் பண்றாங்க. "ஏண்டா, ராகி அரைச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கிட்டுப் போ." "எப்படி வர்றது பெரியம்மா? வழியெல்லாம் போலீஸ் நிக்குதே!" "அவங்களுக்கும் சேர்த்துத்தாண்டா கிண்டறேன், வா!" (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

அது ஏதோ வாய்ப்பேச்சு இல்லீங்க. வீட்டிலே மூணு மூட்டை இருக்குங்கிற தைரியம்! ராகி வானம் பார்த்த பயிர். ஆடியிலே விதைச்சா கார்த்திகை, மார்கழியிலே அறுவடை. ஊடே சாலுசாலா அவரையும் கடுகும் நிற்கும். ஒண்ணு பொய்த்தா ஒண்ணு காப்பாத்தும். சுலபத்திலே பூச்சி பிடிக்காது, வருஷக்கணக்கா வச்சுக்கலாம். அந்தக் காலத்திலே மண்ணுக்குள்ளே குழி தோண்டிக் கொட்டி வச்சிருந்தாங்க. அரிசியைப் போல முப்பது மடங்குக்கு மேலே சுண்ணாம்புச் சத்து. இதே ராகி பட்டணம் போய், பாக்கெட்டிலே சட்டை போட்டுக்கிட்டு, 'ஹெல்த் மிக்ஸ்'னு திரும்பி வந்தா, நாமே க்யூவிலே நின்னு வாங்கறோம்! (சிரிப்பு)

ஆனா அதை விளைக்கிறவன் நிலைமை என்ன? எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. கதிர் முத்துற காலத்திலே ஜவளகிரிக் காட்டிலேர்ந்து யானை இறங்கும். அப்பா பரண் மேலே பட்டாசும் டார்ச் லைட்டுமா ராத்திரிக் காவல். மகனுக்குக் கம்பெனியிலே ராத்திரி ஷிஃப்ட். ரெண்டு பேருமே தூங்கலே. மகனுக்கு ஓவர்டைம் உண்டு. அப்பாவுக்கு? (அமைதி)

போன வருஷம் பெரியம்மாவோட ரெண்டு ஏக்கரை விலைக்குக் கேட்டு புரோக்கர் வந்தார். நான் பெரிய பேச்சாளர் இல்லையா, "வித்துடாதீங்க பெரியம்மா, நிலம் நமக்குத் தாய்"னு ஆரம்பிச்சேன். அவங்க நிதானமாக் கேட்டாங்க: "நீ மேடைக்கு மேடை விவசாயத்தைப் பத்திப் பேசறே. உன் மகனை ஏர் பிடிக்க அனுப்புவியாடா?"

நடுவர் அவர்களே, நாலு பட்டிமன்றத்துக்கு ஒரே நாளிலே பதில் சொன்னவன் நான். அந்த அம்மாவுக்கு என்னாலே பதில் சொல்ல முடியலே.

இப்போ சொல்றேன். நிலத்தை விக்கிறவனைக் குறை சொல்லாதீங்க. அவன் விக்காம இருக்க நாம என்ன செஞ்சோம்? 2025-26க்கு மத்திய அரசு ராகிக்கு வச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். நல்ல விலைதான். அந்த விலை அவன் கைக்குக் கிடைக்கணும்னா, கொள்முதல் நிலையம் கிட்டத்திலே இருக்கணும், அறுவடையன்னைக்குத் திறந்திருக்கணும், பணம் உடனே வரணும். பக்கத்திலே தருமபுரியிலே 2023லே ரேஷன் அட்டைக்கு 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்படி நிச்சயமா வாங்க ஆள் இருந்தா, நிச்சயமா விளைக்கவும் ஆள் இருப்பான்.

எதிரணிக்கும் ஒரு வேண்டுகோள். உங்க கம்பெனி கேன்டீனிலே வாரத்துக்கு ஒரு நாள் களி போடுங்க. அந்த ராகியை இந்த ஊர்க் களத்திலேயே வாங்குங்க. ஆயிரம் பேர் சாப்பிடற பந்தி, சில குடும்பங்களையாவது நிலத்திலே நிறுத்தும். மகன் வேலை செய்யற கேட்டுக்குள்ளே அப்பா விளைச்ச மூட்டையும் போகட்டுமே! (பலத்த கைதட்டல்)

முடிச்சுக்கறேன். ஒரு கம்பெனி கேட் மூடினா இன்னொரு கேட் திறக்கும். களத்து மேடு ஒரு தடவை மூடினா அங்கே கட்டடம் எழும்பும், கதிர் எழும்பாது. விதைக்கத் தெரிஞ்ச கை ஒரு தலைமுறை சும்மா இருந்தா, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க ஆளே இருக்காது.

பெரியம்மா இன்னும் அந்த ரெண்டு ஏக்கரை விக்கலே. எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது. அவங்க வீட்டிலே அந்த மூணு மூட்டை இருக்கிற வரைக்கும்தான் எனக்குத் தைரியம். ஆகவே, நம் பிள்ளைகளின் நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் களத்து மேடே, களத்து மேடே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)