தீப்பெட்டி அட்டையில் எழுதிய பேராசிரியர்

மடித்த அட்டைக்குள் காகிதத் தீக்குச்சிகளைச் சீப்புப் பற்கள் போல அடுக்கி விற்பதுண்டு. இத்தாலியர்கள் அதை மினர்வா என்பார்கள். அட்டையின் உட்புறம் வெறுமையாக இருக்கும். ரயிலில் போகையில், காப்பிக் கடையில் நிற்கையில், சட்டென்று தோன்றியதைக் கிறுக்கி வைக்க அந்த இடம் போதும். நாவலாசிரியர் உம்பர்த்தோ எக்கோ தம் பத்திரிகைப் பத்திக்கு அந்த அட்டையின் பெயரையே வைத்தார். 'லெஸ்பிரெஸ்ஸோ' இதழின் கடைசிப் பக்கத்தில் 1985-இல் தொடங்கிய அந்தப் பத்தி, 2016-இல் அவர் மறையும் வரை வந்துகொண்டிருந்தது.

எக்கோ பிறந்தது 1932-இல், வட இத்தாலியின் அலெஸாந்திரியா நகரில். போலோனியா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியர். இடைக்கால மடாலயம் ஒன்றில் நடக்கும் கொலைகளைத் துப்புத் துலக்கும் 'ரோஜாவின் பெயர்' 1980-இல் வெளிவந்து அவரை உலகம் முழுதும் கொண்டுசேர்த்தது. ஆனால் அன்றாட அற்பங்களை எழுதும் பழக்கம் அந்த நாவலுக்கு இருபது ஆண்டு மூத்தது.

இளம் வயதில் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர் அவர். வினாடி வினா நிகழ்ச்சி நடத்திய மைக் போன்ஜோர்னோவை நாடே கொண்டாடுவது ஏன் என்று 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த வகையிலும் பார்ப்பவரைவிட உயர்ந்தவராகத் தெரியாத மனிதர். அவர் முன்னால் யாருக்கும் தாழ்வு மனப்பான்மை வராது. அதுதான் காரணம் என்றார். அடுத்த ஆண்டு சூப்பர்மேன். அந்த வீரன் ஒரு காரியத்தைச் செய்து முடித்தால் அவனுக்கு வயது கூட வேண்டும். கூடினால் சாவு நெருங்கும். சாகப்போகிறவனை இதழ்தோறும் விற்க முடியாது. ஆகவேதான் அந்தக் கதைகளில் காலம் கனவில் போல மங்கலாகவே கிடக்கிறது. படக்கதையைப் படித்தவர்கள் கையில் எடுக்கவே கூசிய நாளில் இப்படி யோசித்தது சாதாரணமல்ல.

1976-இல் எழுதிய ஒரு கட்டுரையின் பொருள் ஜீன்ஸ். உடல் இளைத்த பிறகு எக்கோவுக்கு மீண்டும் ஜீன்ஸ் போட முடிந்தது. இடுப்பைக் கவ்விப் பிடித்த அந்தத் துணி, நடக்கும்போதும் உட்காரும்போதும் உடம்பை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. நடையும் இருப்பும் மாறின. மனம் முழுதும் வெளியே, தோற்றத்தில் போய் நின்றது. துறவிகள் தொளதொளவென்ற அங்கி அணிந்ததால் உடம்பை மறந்து சிந்திக்க முடிந்தது என்று அங்கிருந்து நகர்கிறார். இறுக்கமான உடைகளைப் பெண்கள் மேல் காலங்காலமாகச் சுமத்தியது அவர்கள் சிந்தனைக்கும் போட்ட கட்டு என்று முடிக்கிறார். ஒரு கால்சட்டையிலிருந்து இத்தனை தூரம் போக முடிவது அவருடைய தனித் திறமை.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது சால்மன் கதைதான். ஸ்டாக்ஹோமில் புகையூட்டிய பெரிய சால்மன் மீன் ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு லண்டன் ஓட்டலில் இறங்குகிறார். அறையின் ஃபிரிட்ஜ் முழுக்க மதுப் புட்டிகள். அவற்றை மேசை இழுப்பறையில் அடுக்கிவிட்டு மீனை உள்ளே வைக்கிறார். மறுநாள் திரும்பினால் மீன் மேசைமேல் கிடக்கிறது. ஃபிரிட்ஜில் புதிய புட்டிகள். மறுபடி எடுத்து வைக்கிறார், மறுபடி நிரப்புகிறார்கள். பணியாளருக்கு ஆங்கிலம் தெரியாது. ஓட்டலின் கணினியோ பழுதாகிக் கிடக்கிறது. கிளம்பும் நாளில் உயிர்பெற்ற கணினி, இழுப்பறையில் கிடந்த அத்தனையையும் அவர் குடித்ததாகக் கணக்குக் காட்டுகிறது. மீனும் கெட்டுப்போகிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். எக்கோ கவனித்தது அதைத்தான்.

கைப்பேசி அரிதாக இருந்த 1991-இலேயே, பொது இடத்தில் அதைக் காட்டிப் பேசுகிறவர் உண்மையில் மேலதிகாரிக்கு உடனே பதில் சொல்லக் கடமைப்பட்டவர், அதிகாரம் உள்ளவருக்கு அது தேவையே இல்லை என்று எழுதினார். 1994-இல் மேக்கின்டோஷ் கணினியைக் கத்தோலிக்கம் என்றும், டாஸ் முறையைப் புரொட்டஸ்டன்ட் என்றும் ஒப்பிட்டார். முதலாவது கைபிடித்துப் படிப்படியாக அழைத்துச் செல்லும். இரண்டாவது ஒவ்வொருவரையும் தானே பொருள்கண்டு முடிவெடுக்கச் சொல்லும்.

2000-க்குப் பிந்தைய பத்திகளின் தொகுப்பு, 2016 பிப்ரவரி 19-இல் அவர் இறந்து சில நாள்களில் வெளிவந்தது. அதன் தலைப்பு 'பப்பே சத்தான் அலெப்பே'. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்தில் வரும் அந்தச் சொற்களுக்கு இன்னது பொருள் என்று அறிஞர்கள் இன்னும் ஒருமனதாக முடிவு செய்யவில்லை.